தலைவர்கள் போன பிறகும் கட்சியைக் கட்டிய சுந்தரய்யா

திருப்பதியிலிருந்து விஜயவாடா பக்கம் ரயிலேறும் நம்மவர்கள் ரேணிகுண்டா, கூடூர் தாண்டி நெல்லூர் வந்ததும் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு ஏறுவது வழக்கம். வண்டி நெல்லூரை விட்டால் பெண்ணையாற்றுப் பாலம். அந்த ஆற்றின் வடகரையில் கோவூர் வட்டாரம். அங்கிருந்து கடலைப் பார்த்துப் போனால் அலகானிபாடு என்று ஒரு சிற்றூர். நெல் விளையும் பூமி. அந்த ஊரில் 1913-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி ஒரு நிலச்சுவான்தார் வீட்டில் பிறந்தவர்தான் புச்சலப்பள்ளி சுந்தரய்யா. தொழிலாளர் தினத்தில் பிறந்தவர், வாழ்நாள் முழுவதும் தொழிலாளிக்கும் கூலி விவசாயிக்கும் உழைத்தது பொருத்தமான ஒற்றுமைதான்.

ஆந்திராவில் அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பல ஊர்களில் ஏழைகள் குடியிருக்கும் பேட்டைகளுக்கு சுந்தரய்யா நகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கம்யூனிஸ்ட் காந்தி என்று அவரை அழைத்தவர்கள் உண்டு. சைக்கிளில் பார்லிமெண்டுக்குப் போனவர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தலைவர்கள் ஜெயிலுக்குப் போனபோதும், பிரிந்து போனபோதும், ஆட்களைத் திரட்டிக்கொண்டு வேறு கட்சிக்குப் போனபோதும், மிச்சமிருந்த சிலரை வைத்துக்கொண்டு மறுபடியும் முதல் கிளையிலிருந்து ஆரம்பித்தவர் அவர். ஒரு முறை அல்ல, பல முறை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

பண்ணை வீட்டுப் பிள்ளை

பெற்றோர் வைத்த பெயர் சுந்தரராமி ரெட்டி. பின்னாளில் ஜாதிப் பெயரைத் தாமே வெட்டி எறிந்துவிட்டு சுந்தரய்யா ஆனார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். அக்காளின் கணவர் முன்சீப் உத்தியோகத்தில் இருந்தார். அவருக்கு மாற்றலாகும் ஊரெல்லாம் பையனும் கூடவே போனான். திருவள்ளூர், ஏலூர், ராஜமுந்திரி, சென்னை என்று படிப்பு நகர்ந்தது. சென்னையில் லயோலா கல்லூரியில் சேர்ந்தார். தமிழ்நாட்டு மண்ணும் தமிழ்ப் பேச்சும் அவருக்கு இளமையிலேயே பழகியவை.

1930-ல் காந்திஜி உப்பு சத்தியாக்கிரகம் தொடங்கியபோது சுந்தரய்யாவுக்கு வயது பதினேழு. கல்லூரியை விட்டு வெளியேறி இயக்கத்தில் குதித்தார். சர்க்கார் பிடித்து உள்ளே போட்டது. வயது குறைவு என்பதால் ராஜமுந்திரி பார்ஸ்டல் சிறையில் வைத்தார்கள். பொதுவுடைமைக் கருத்துக்கள் அவர் காதில் பலமாக விழுந்தது அந்த நாட்களில்தான்.

வெளியே வந்தவர் சொந்த ஊரில் முதலில் செய்த காரியம் கூலி விவசாயிகளுக்குச் சங்கம் வைத்தது. தம் வீட்டு நிலத்தில் வேலை செய்த ஆட்களையே சேர்த்தார். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். உறவினர்கள் முகம் சுளித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் தம் பங்குக்கு வந்த சொத்தையும் கட்சிக்கே கொடுத்துவிட்டார்.

கப்பல்காரர் விட்டுப்போன வேலை

1931-ல் சென்னைக்கு ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். பெயர் சங்கர் என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் அமீர் ஹைதர் கான். ராவல்பிண்டிப் பக்கத்துக்காரர். கப்பலில் கூலியாக உலகம் சுற்றியவர், அமெரிக்காவில் மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மாஸ்கோவில் படித்தவர். மீரட் சதி வழக்கில் போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஆள். தெற்கே கம்யூனிஸ்ட் கட்சிக்கு விதை போட வந்தார். அவர் கண்ணில் பட்டவர்களில் ஒருவர் இந்த நெல்லூர் இளைஞர்.

ஆனால் 1932-லேயே ஹைதர் கான் பிடிபட்டுவிட்டார். 1934-ல் கட்சியையே பிரிட்டிஷ் சர்க்கார் தடை செய்தது. தெற்கே கட்சி என்று சொல்லிக்கொள்ள ஆபீசு கிடையாது, பத்திரிகை கிடையாது, பணமும் கிடையாது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில இளைஞர்கள் மட்டும் இருந்தார்கள். குரு ஜெயிலில் இருக்க, சீடன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். இருபது, இருபத்தொரு வயதுதான். அவர் கட்சி கட்டிய முதல் அனுபவம் அது.

வேலை நடந்த முறை எளிமையானது. வெளிப்படையாகக் கூட்டம் போட முடியாது. ஆகவே காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சிக்குள் இருந்துகொண்டு வேலை செய்தார்கள். ஓர் ஊருக்குப் போவார். அங்கே ஏற்கெனவே மக்களிடம் நல்ல பெயர் எடுத்தவர் யார் என்று விசாரிப்பார். அவரோடு நாள் கணக்கில் பேசுவார், படிக்கப் புத்தகம் கொடுப்பார். அவர் மூலம் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். அதுதான் கிளை. மீரட் வழக்கில் தண்டனை அனுபவித்து வந்த எஸ்.வி. காட்டே சென்னையில் இருந்து உதவினார். அவ்விதமே தமிழ்நாட்டில் பி. ராமமூர்த்தி, ப. ஜீவானந்தம், பி. சீனிவாசராவ், ஏ.எஸ்.கே. அய்யங்கார் போன்றவர்கள் 1936 வாக்கில் கட்சியின் முதல் குழுவாகச் சேர்ந்தார்கள். கேரளத்தில் கிருஷ்ண பிள்ளையும் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் 1937-ல் கோழிக்கோட்டில் முதல் குழுவை அமைத்ததிலும் சுந்தரய்யாவுக்குப் பங்குண்டு. பின்னாளில் முதல் மந்திரியாகவும் பெரும் தலைவர்களாகவும் ஆனவர்களைத் தேடிப் போய்ப் பேசியவர்களில் இவரும் ஒருவர். 1936-ல் அகில இந்திய கிசான் சபா லக்னோவில் உருவானபோது அதன் இணைச் செயலாளர்களில் ஒருவராகவும் இருந்தார்.

1943-ல் பம்பாயில் கட்சியின் தலைமை ஆபீசில் வேலை செய்த லீலா என்ற பெண்ணை மணந்தார். சாதாரணக் கல்யாணம். குழந்தை வேண்டாம், முழு நேரமும் இயக்கத்துக்கே என்று இருவரும் கலந்து முடிவு செய்தார்கள். அதற்கான அறுவை சிகிச்சையை சுந்தரய்யாவே செய்துகொண்டார். அந்தக் காலத்தில் ஓர் ஆண் அப்படிச் செய்தது அபூர்வம்.

தெலுங்கானா

1946 ஜூலை 4-ம் தேதி நலகொண்டா மாவட்டத்தில் கடவெண்டி கிராமத்தில் தொட்டி கொமரய்யா என்ற எளிய மனிதர் ஜமீன்தாரின் அடியாட்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். நிஜாம் ஆட்சியில் தேஷ்முக்குகள் செய்த கொடுமைகளுக்கு எதிராகப் பல ஆண்டுகளாகக் குமுறிக்கொண்டிருந்த தெலுங்கானா அதிலிருந்து தீயாகப் பற்றியது. விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்கள். சுந்தரய்யா அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். பல ஆண்டுகள் தலைமறைவாகக் காட்டிலும் மேட்டிலும் திரிந்தார்.

அவர் பின்னாளில் எழுதிய நூலின் கணக்குப்படி, சுமார் மூவாயிரம் கிராமங்களில் விவசாயிகள் ஆட்சி நடந்தது. பத்து லட்சம் ஏக்கர் நிலம் பங்கிடப்பட்டது. நாலாயிரம் பேர் உயிரிழந்தார்கள். நிஜாம் ஆட்சி 1948 செப்டம்பரில் விழுந்த பிறகு இந்திய ராணுவத்தோடு மோதல் நீடித்தது. கடைசியில் 1951 அக்டோபரில் போராட்டம் வாபஸ் ஆயிற்று. இந்தத் தெலுங்கானா அனுபவம் இருந்ததால்தான், பதினேழு ஆண்டு கழித்து வந்த பெரிய சோதனையில் அவரால் பதில் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

டில்லியில் சைக்கிள்

1952-ல் சென்னை ராஜ்யத்திலிருந்து ராஜ்ய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது சித்தூரும் திருப்பதியும் சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தன என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். டில்லியில் மற்ற அங்கத்தினர்கள் காரில் வந்து இறங்க, கம்யூனிஸ்ட் குழுவின் தலைவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு பார்லிமெண்டுக்கு வந்தார். பிறகு ஐதராபாத் சட்டசபைக்கும் அதே சைக்கிள் வழக்கம்தான்.

1953-ல் ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்தது. தெலுங்கு பேசும் பகுதிகள் எல்லாம் ஒன்றாக வேண்டும் என்று 1946-லேயே விசாலாந்திரா பற்றிப் புத்தகம் எழுதியவர் அவர். ஆந்திராவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடுவார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். 1952-ல் ஆந்திர மாவட்டங்களிலிருந்து 41 பேர் ஜெயித்திருந்தார்கள். ஆனால் 1955 தேர்தலில் 196 ஸ்தானங்களில் கட்சிக்குக் கிடைத்தது 15 தான். நூற்றுக்கு முப்பதுக்கு மேல் ஓட்டு வாங்கியும் ஸ்தானம் இல்லை. கன்னாவரத்தில் ஜெயித்த சுந்தரய்யா அந்தச் சிறு குழுவோடு சட்டசபையில் உட்கார்ந்தார். கிருஷ்ணா, கோதாவரி நீரை எப்படிப் பங்கிட்டு எங்கே பாய்ச்சலாம் என்று புள்ளிவிவரத்தோடு பேசுவார். எதிர்க்கட்சிக்காரர் பேச்சு என்று மந்திரிகள் அதைத் தள்ளிவிடவில்லை, கவனித்துக் கேட்டார்கள். ஏழு ஆண்டு பொறுமையாக வேலை செய்ததன் பலன் 1962-ல் தெரிந்தது. ஆந்திரப் பிரதேச சட்டசபையில் கம்யூனிஸ்டுகள் 51 பேர்.

முதல் பிளவு

அந்த 51 ஒன்றாக நிற்கவில்லை. 1962-ல் சீனாவோடு எல்லைப் போர் மூண்டது. கம்யூனிஸ்டுகள் பலரைச் சர்க்கார் சிறையில் தள்ளியது. கட்சிக்குள்ளோ காங்கிரசோடு எந்த அளவு ஒத்துப்போவது, சோவியத், சீனா சண்டையில் எந்தப் பக்கம் என்ற வாதங்கள் முற்றிக்கொண்டு வந்தன. 1964 ஏப்ரலில் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். சுந்தரய்யா அவர்களில் ஒருவர். ஜூலையில் நம் ஆந்திராவின் தெனாலியில் மாநாடு கூடியது. அக்டோபர் கடைசியில் கல்கத்தாவில் தொடங்கிய மகாநாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்) உருவாகி, சுந்தரய்யா அதன் பொதுச் செயலாளர் ஆனார். அரசியல் தலைமைக் குழுவில் ஒன்பது பேர். தமிழர் பி. ராமமூர்த்தி அதில் ஒருவர்.

வேடிக்கை என்னவென்றால், மறுபக்கம் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அதே ஆண்டில் பொதுச் செயலாளரானவர் ஆந்திரக்காரரே. தெலுங்கானாப் போரில் சுந்தரய்யாவுடன் தோளோடு தோள் நின்ற சந்திர ராஜேஸ்வர ராவ். ஒரே மாநிலத்தில் வளர்ந்த இரு தோழர்கள், இரு கட்சிகளின் தலைமையில் எதிரெதிரே நின்றார்கள். ஊர் ஊராக ஆபீசும், பத்திரிகையும், தொண்டர்களும் இரண்டாயின. ஆண்டு முடிவதற்குள் சுந்தரய்யாவும் புதுக் கட்சித் தலைவர்கள் பலரும் மறுபடி சிறைக்குள் போனார்கள். 1966-ல்தான் வெளியே வந்தார். 1967 தேர்தலில் ஆந்திராவில் பழைய கட்சிக்கு 11, புதுக் கட்சிக்கு 9. ஐந்து ஆண்டு முன் 51 ஆக இருந்தது இரண்டும் சேர்ந்து 20 ஆகிவிட்டது.

இரண்டாவது பிளவு

அதே 1967-ல் கேரளத்தில் நம்பூதிரிபாடு முதல் மந்திரி ஆனார். மேற்கு வங்கத்தில் ஜோதி பாசு துணை முதல் மந்திரி ஆனார். கட்சி அங்கெல்லாம் ஓங்கியது. பொதுச் செயலாளரின் சொந்த மாநிலத்தில் மட்டும் வீடு பற்றி எரிந்தது.

வங்கத்தில் நக்சல்பாரி கிராமத்தில் கிளம்பிய கலகம் ஆந்திர இளைஞர்கள் மனதைக் கவ்வியது. தேர்தல் பாதை வீண், ஆயுதப் போராட்டமே வழி என்று மாநிலத் தலைவர்கள் பலர் பேசத் தொடங்கினார்கள். 1968 ஜனவரியில் பாலகொல்லுவில் கூடிய மாநில பிளீனம் மத்தியக் கமிட்டியின் கொள்கை நகலை நிராகரித்தது. ஏப்ரலில் பர்த்துவானில் நடந்த அகில இந்திய பிளீனத்திலும் ஆந்திரப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் எதிர்த்து நின்றார்கள். ஜூன் மாதம் பிளவு முற்றியது. தரிமெல நாகி ரெட்டி, தேவுலபள்ளி வெங்கடேஸ்வர ராவ், சந்திர புல்லா ரெட்டி, கொல்லா வெங்கய்யா ஆகியோர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மாநிலத்தில் கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவர்கள் பின்னால் போனார்கள்.

இவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. நாகி ரெட்டி அனந்தப்பூர் பக்கத்துப் பெரிய குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் துறந்தவர். சட்டசபையில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அந்த ஸ்தானத்தையும் 1969-ல் ராஜினாமா செய்துவிட்டார். வெங்கடேஸ்வர ராவ் தெலுங்கானாப் போரில் சுந்தரய்யாவுடன் காட்டில் இருந்தவர். பணத்துக்காகவோ பதவிக்காகவோ போனவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்ல முடியாது. கொள்கைக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்கள். தவறான மனிதர் போனால் கட்சிக்குச் சுத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல மனிதர்கள் போனால் மிஞ்சியவர்களுக்கு மனம் ஒடிந்துவிடும். சுந்தரய்யாவுக்கு வந்த சோதனை அதுதான்.

மிஞ்சியவர்களோடு

அவர் என்ன செய்தார்? முதலில் வாதத்துக்குப் பதில் சொன்னார். ஆந்திரத் தோழர்களுக்கு என்று மத்தியக் கமிட்டி ஒரு நீண்ட கடிதம் வெளியிட்டது. பிரிந்து போனவர்கள் தெலுங்கானாவைத்தான் உதாரணம் காட்டினார்கள். தெலுங்கானாவை நடத்தியவரே இங்கே பொதுச் செயலாளர். ஆயுதத்துக்குப் பயந்தவர் என்று அவரைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. 1972-ல் தெலுங்கானா மக்கள் போராட்டமும் அதன் படிப்பினைகளும் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். ஆந்திர மகாசபையின் மூலம் ஆண்டுக்கணக்கில் மக்களைத் திரட்டிய பிறகே, நிலத்துக்காகவும் வெட்டி வேலைக்கு எதிராகவும் மக்களே எழுந்த பிறகே அந்தப் போராட்டம் ஆயுதப் போராட்டம் ஆயிற்று என்று சம்பவம் சம்பவமாக அதில் எழுதினார். தம் பக்கத்துத் தவறுகளையும் அதில் ஒளிக்கவில்லை.

இரண்டாவது, அடிமட்ட வேலை. ஒரு கட்சி உடைந்தால் கண்ணுக்குத் தெரிவது தலைவர்கள் போவது. தெரியாமல் போவது உறுப்பினர் பதிவேடு, சந்தா வசூல், பத்திரிகைக் கட்டு வாங்கி விற்கிற ஆள், மாதம் ஒரு முறை கூடும் கிளைக் கூட்டம். இவை நின்றுவிட்டால் கட்சி இல்லை. ஆகவே ஊர் ஊராக யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று எண்ணி, மூன்று பேர் இருந்தாலும் கிளை என்று வைத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. 1969-ல் பிரஜாசக்தி வார இதழாக மீண்டும் வந்தது. 1970-ல் அகில இந்திய அளவில் சி.ஐ.டி.யு. தொழிற்சங்கமும், அதே ஆண்டு கடைசியில் மாணவர் சங்கமும் அமைந்தன. அவற்றின் கிளைகளை ஆந்திராவில் வைக்கும் வேலையும் இந்த மிஞ்சியவர்கள் தலையில்தான் விழுந்தது. மாகினேனி பசவபுன்னய்யா, மோட்டூரி ஹனுமந்த ராவ் போன்றவர்கள் சுந்தரய்யாவோடு உறுதியாக நின்றார்கள்.

காற்றும் எதிராகவே அடித்தது. 1969-ல் தனித் தெலுங்கானா கிளர்ச்சி. 1972, 1973-ல் ஜெய் ஆந்திரா கிளர்ச்சி. இரண்டு பக்கமும் மக்கள் உணர்ச்சிவசப்பட்டிருந்த நேரத்தில், மாநிலம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்சி சொன்னது. இரண்டு பக்கமும் திட்டு கிடைத்தது. 1972 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு ஆந்திரா முழுவதும் கிடைத்தது ஒரே ஒரு ஸ்தானம். நரசம்பேட்டையில் ஓம்கார் மட்டும் ஜெயித்தார். பத்து ஆண்டில் 51 என்பது 1 ஆயிற்று.

தாமே விலகியபோது

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. அப்போது கட்சித் தலைமைக்குள் ஒரு கருத்து வேறுபாடு. இந்திரா காந்தியின் ஆட்சியை எதிர்க்க ஜனசங்கத்தோடும் சேர்ந்து நிற்கலாமா என்பது கேள்வி. கூடாது என்பது சுந்தரய்யாவின் கட்சி. கிராமத்தில் விவசாயத் தொழிலாளரிடையே செய்யவேண்டிய அடிப்படை வேலையைக் கட்சி புறக்கணிக்கிறது என்பதும் அவருடைய குறை. தலைமைக் குழுவில் பெரும்பான்மை வேறு பக்கம் இருந்தது. அந்த ஆகஸ்டில் நீண்ட ராஜினாமாக் கடிதம் எழுதினார். 1976-ல் பொதுச் செயலாளர் பதவியையும் அரசியல் தலைமைக் குழுவையும் விட்டு விலகினார். நம்பூதிரிபாடு அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

அதே 1976 ஜூலையில் நாகி ரெட்டி தலைமறைவு வாழ்க்கையிலேயே நோயால் இறந்தார். எட்டு ஆண்டு முன்பு பிரிந்து போன நண்பர் அவர்.

இப்போது விட்டுப் போகும் தலைவர் சுந்தரய்யாவே. நாட்டின் பெரிய கட்சிகளில் ஒன்றின் முதல் ஸ்தானத்தை விட்டவர் என்ன செய்வார்? தனிக் கட்சி தொடங்கலாம். அவர் பெயருக்கு ஆந்திராவில் ஆட்கள் வந்திருப்பார்கள். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசலாம். வீட்டில் உட்கார்ந்து சுயசரிதை எழுதலாம். அவர் கட்சியை விடவில்லை. பதவியை மட்டும் விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஆந்திராவுக்கே திரும்பினார். அகில இந்தியத் தலைவராக இருந்தவர் மறுபடி கிராமக் கிளைக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்தார். அறுபத்து மூன்று வயதில், இருபத்தொரு வயதில் செய்த அதே வேலை.

மறுபடியும் கன்னாவரம்

1977 நவம்பர் 19-ம் தேதி திவிசீமையைப் புயல் விழுங்கியது. கடல் உள்ளே வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. கட்சித் தொண்டர்களோடு சுந்தரய்யா நிவாரண வேலையில் இறங்கினார். 1978-ல் கன்னாவரம் மக்கள் அவரை மறுபடி சட்டசபைக்கு அனுப்பினார்கள். அந்தத் தேர்தலில் கட்சிக்கு எட்டு ஸ்தானம். ஒன்று எட்டாயிற்று.

1981 ஆகஸ்டில் பிரஜாசக்தி விஜயவாடாவிலிருந்து தினசரியாக வரத் தொடங்கியது. பதின்மூன்று ஆண்டு முன்பு ஆளில்லாமல் போன ஒரு கட்சி தினப் பத்திரிகை நடத்துவது என்றால், கட்டு வாங்கி விற்க ஊர் ஊராக ஆள் வந்துவிட்டார்கள் என்று பொருள். கடைசி ஆண்டுகளில் மாநிலச் செயலாளர் பொறுப்பையும் சுந்தரய்யா சுமந்தார். படிப்பு வகுப்பு நடத்துவது, இளைஞர்களை முழுநேர ஊழியர்களாகத் தேர்ந்தெடுப்பது, விவசாயத் தொழிலாளர் சங்கத்தைப் பரப்புவது ஆகியவற்றில்தான் அவருக்கு நாட்டம்.

1983-ல் என்.டி. ராமராவின் தெலுங்கு தேசம் பெருவெள்ளமாக வந்தபோது மார்க்சிஸ்டுகளுக்குக் கிடைத்தது ஐந்துதான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கவர்னர் ராம்லால் ராமராவின் மந்திரிசபையைக் கலைத்தார். ஜனநாயகத்தைக் காக்க எல்லா எதிர்க்கட்சிகளும் தெருவில் இறங்கின. இடதுசாரிகளும் நின்றார்கள். ஒரு மாதத்தில் ராமராவ் மறுபடி முதல் மந்திரி ஆனார். 1985 மார்ச்சில் நடந்த தேர்தலில் தெலுங்கு தேசத்தோடு உடன்பாடு வைத்துக்கொண்டு மார்க்சிஸ்ட் கட்சி 11 இடம் பெற்றது. கூட்டணி பலம் அதில் பாதி என்று சொல்லலாம். ஆனால் கூட்டணிக்கு அழைக்கவும் ஒரு கட்சி இருக்க வேண்டும் அல்லவா? 1972-ல் அப்படிப்பட்ட கட்சி இல்லை.

அதைப் பார்த்துவிட்டு இரண்டு மாதத்தில், 1985 மே 19-ம் தேதி, சுந்தரய்யா சென்னையில் காலமானார். எழுபத்திரண்டு வயது. பிள்ளை இல்லை, சொத்து இல்லை. ஐதராபாத் பாக்லிங்கம்பள்ளியில் அவர் பெயரால் சுந்தரய்யா விஞ்ஞான கேந்திரம் இருக்கிறது.

நம்மவர்கள் பார்க்கவேண்டியது

அவர் கட்டியது நிலைத்ததா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2004-ல் ஒன்பது பேர் ஜெயித்தார்கள், 2009-ல் ஒருவர். 2014-ல் அவர் விரும்பிய விசாலாந்திரா இரண்டாகப் பிரிந்தது. அதற்குப் பிறகு 2014, 2019, 2024 மூன்று தேர்தலிலும் ஆந்திரப் பிரதேச சட்டசபைக்கு அந்தக் கட்சியிலிருந்து ஒருவரும் போகவில்லை. பிரிந்து போனவர்களின் குழுக்களும் அதற்குள் பல துண்டுகளாகிவிட்டன. ஒரு தடவை கட்டினால் என்றைக்கும் நிற்கும் கட்சி எதுவும் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. சுந்தரய்யாவுக்கே ஒரு தடவை போதவில்லை.

ரயில்வேயிலோ, மில்லிலோ, ஓட்டலிலோ, லாரி ஷெட்டிலோ சங்கம் வைத்துப் பார்த்த நம்மவர்களுக்கு இது புதிதல்ல. பேச்சுத் திறமையுள்ள செயலாளர் மாற்றலாகிப் போவார். தலைவர் புரமோஷன் வாங்கிக்கொண்டு ஒதுங்குவார். இன்னொருவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு சங்கம் தொடங்குவார். ரசீதுப் புத்தகம் மேஜை டிராயரில் கிடக்கும். போனவர்களைத் திட்டுவதிலேயே ஆறு மாதம் ஓடிவிடும். பிறகு சம்பள பாக்கிக்கோ, வேலை நீக்கத்துக்கோ கேட்க நாதி இருக்காது. வெளி மாநிலத்தில் பிழைக்க வந்தவனுக்கு அந்த நஷ்டம் இரண்டு மடங்கு.

சுந்தரய்யா போனவர்களுக்குக் கொள்கையில் பதில் சொன்னார். அதே சமயம் இருப்பவர்கள் யார் என்று எண்ணினார். பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். தாம் விலகவேண்டி வந்தபோதும் நாற்காலியை மட்டும் விட்டார், வேலையை விடவில்லை. அடுத்த முறை நெல்லூர் தாண்டும்போது, பெண்ணையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறுகையில் கிழக்கே ஒரு முறை பாருங்கள். வயலுக்கு அப்பால் அலகானிபாடு இருக்கிறது. கூலி ஆட்களைக் கூட்டி உட்கார வைத்து ஓர் இளைஞர் சங்கம் ஆரம்பித்த ஊர் அது.